தகட்டுக் கவசம் அணியும் முறை: பாதத்தில் தொடங்கித் தலை வரை

ஐரோப்பிய முழுத் தகட்டுக் கவசத்தை முதன்முறை அணியப் போகிறவர்கள் முதலில் கேட்பது எடையைப் பற்றித்தான். 15-ஆம் நூற்றாண்டுப் போர்க்களக் கவசம், எல்லாப் பகுதிகளும் சேர்த்து, பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ இருக்கும். அதில் தலைக்கவசம் மட்டும் 2 முதல் 4 கிலோ. இத்தனையும் தோளில் இறங்கினால் கொஞ்ச நேரத்திலேயே ஆள் ஓய்ந்துவிடுவார். இடுப்பு, தோள், கால், தலை என்று பிரிந்து உடம்போடு ஒட்டி நின்றால் அதே எடையுடன் ஓடலாம், மண்டியிடலாம், குதிரை ஏறலாம். பிரெஞ்சு மார்ஷல் பூசிக்கோ தலைக்கவசம் தவிர மற்ற எல்லாவற்றையும் அணிந்தபடி குட்டிக்கரணம் அடிப்பார் என்றும், ஏணியின் அடிப்பக்கமாகக் கைகளாலேயே ஏறுவார் என்றும் அவர் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு சொல்கிறது. வீரர்களைக் கிரேனில் தூக்கிக் குதிரைமேல் உட்கார வைத்தார்கள் என்ற கதைக்கு அந்தக் காலத்துச் சான்று ஒன்றும் இல்லை.

ஆகவே முறையாகக் கட்டுவதுதான் எல்லாம். இங்கே 1450-ஐ ஒட்டிய மிலான் பாணிக் கவசத்தை எடுத்துக்கொள்கிறோம். அதன் பகுதிகள் தெளிவாகப் பிரிந்தவை. பார்த்துக் கற்க அசல்களும் சிற்பங்களும் இருக்கின்றன. அணியப் போவது இன்று செய்த மறுஆக்கம்தான். அருங்காட்சியக அசலை யாரும் அணியக்கூடாது.

எப்படி வந்தது இது

12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வீரரின் முக்கியக் காப்பு வளையக் கவசம். ஆயிரக்கணக்கான இரும்பு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, தறைந்து செய்தது. வாள் வெட்டைத் தாங்கும். ஆனால் வளைந்து கொடுப்பதால் அடியின் வேகம் எலும்புக்கு இறங்கிவிடும். ஈட்டி முனையும் வலுவான குறுக்குவில் அம்பும் வளையத்தைப் பிளந்துகொண்டு நுழையும். அதனால் அடி அதிகம் படும் இடங்களில் ஒன்றொன்றாகத் தகடு ஏறியது. முதலில் முழங்கால், பிறகு முழங்கை, முன்கால். உடலுக்கு, துணிக்கோ தோலுக்கோ உட்புறம் தகடுகளை ரிவெட் அடித்த மேலங்கி வந்தது. 1361-இல் டென்மார்க் படை கோட்லாந்து தீவைத் தாக்கியபோது இறந்தவர்களை விஸ்பி நகருக்கு வெளியே பெருங்குழிகளில் கவசத்தோடே புதைத்தார்கள். அங்கே கிடைத்த மேலங்கிகள்தான் வளையத்திலிருந்து தகட்டுக்கு மாறிய இந்தக் கட்டத்தைப் பற்றி நமக்கு அதிகம் சொல்கின்றன.

1420 வாக்கில் உடல் முழுவதும் தகடு மூடிவிட்டது. நீர்ச்சக்கரத்தில் ஓடும் சம்மட்டிகளும் பெரிய உலைகளும் பெரிய தகடுகளைத் தந்தன. ஆயிரக்கணக்கான வளையங்களைக் கையால் கோப்பதைவிடத் தகடு அடிப்பதற்கு ஆள்கூலி குறைவு. 1348-இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பிறகு கூலி ஏறிய ஐரோப்பாவில் இது சிறிய காரணம் அல்ல. வடக்கு இத்தாலியில் மிலானும், ஜெர்மன் பகுதியில் ஆக்ஸ்பர்க், நியூரம்பெர்க், இன்ஸ்ப்ருக்கும் பெரிய பட்டறை ஊர்களாயின. மிலானின் மிஸ்ஸாக்லியா குடும்பம் ஐரோப்பா முழுவதற்கும் விற்றது. ஆக்ஸ்பர்க் தகட்டில் பைன் காய் முத்திரை இருக்கும். அருங்காட்சியகத்தில் தேடிப் பாருங்கள்.

விலை எப்படி? 1441-இல் ஜான் கிரெஸி என்ற ஆங்கில வீரர் ஆயத்தமாகச் செய்து விற்ற மிலான் கவசத்துக்குக் கொடுத்தது 8 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ், அதாவது 2000 பென்ஸ். அன்று ஆங்கிலப் படையில் வில்லாளிக்கு நாளுக்கு 6 பென்ஸ் கூலி. அவருக்கு இது 333 நாள் சம்பளம். உடல் அளவெடுத்துச் செய்த கவசம் இன்னும் பல மடங்கு. அந்தஸ்துள்ளவர் தன்னைக் கவசத்தோடே கல்லறைச் சிற்பமாக வடிக்கச் சொன்னதற்கு இந்த விலையும் ஒரு காரணம். இங்கிலாந்தில் வாரிக் நகரின் புனித மேரி தேவாலயத்தில் இருக்கும், ரிச்சர்டு போஷாம் என்ற பிரபுவின் வெண்கலச் சிற்பம் நமக்கு மிகவும் பயன்படும். படுத்த நிலையில் இருந்தாலும் அதன் முதுகுப் பக்கத்தையும் வார், பக்கிள் விடாமல் வடித்திருக்கிறார்கள். எந்த வார் எங்கே போகிறது என்று ஐயம் வந்தால் அதன் படங்களைப் பாருங்கள்.

அணிவதற்கு முன்

நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சுவடி ஒன்று இருக்கிறது. தரையில் நின்று சண்டையிடப் போகிறவர் எப்படிக் கவசம் தரிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் குறிப்பு அதில் உண்டு. களத்துக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்ற பட்டியலும் உண்டு: கட்டுகயிறு ஒரு டஜன் தொகுதி, சுத்தி, குறடு, சிறு பட்டடை, ஆணி ஒரு டஜன், கூடவே ரொட்டியும் வைனும். இன்றும் இதை அப்படியே பின்பற்றலாம். வைனுக்குப் பதில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். கவசம் வார் அறுந்தும் ரிவெட் கழன்றும்தான் கெடும். தகடு உடைந்து கெடுவது மிக அரிது.

தனியாக அணிய முயலாதீர்கள். ஒருவர் உடன் இருந்தால் 15 நிமிட வேலை. முதன்முறை இரு மடங்கு ஆகும். உடன் நிற்பவரிடம் கத்தரிக்கோல் இருக்கட்டும்.

உள்ளே அணிவது ஆர்மிங் டப்லெட் என்னும் இறுக்கமான சட்டை. புதியவர்கள் தவறுவது இங்கேதான். மெத்தைபோல் தடித்த சட்டைதான் பாதுகாப்பு என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். பிறகு மார்க்கவசத்தின் பக்கிள் எட்டாது, அக்குளில் துணி சுருண்டு கை மேலே போகாது. சட்டையின் வேலை பஞ்சாக இருப்பதல்ல, கவசத்தைத் தொங்கவிடுவது. லினன் துணி இரண்டு முதல் நான்கு அடுக்கு போதும். இடுப்பில் கச்சிதமாகப் பிடிக்க வேண்டும். கை தைக்கும் துளை சிறிதாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் கையை உயர்த்தும்போது சட்டை மொத்தமும் தூக்கிக்கொண்டு வராது. சுவடி இன்னொன்றும் சொல்கிறது: உள்ளே வேறு சட்டை கூடாது, டப்லெட்டில் காற்றுத் துளைகள் நிறைய இருக்கட்டும். கசங்கிய உள்சட்டை தகட்டுக்கும் தோலுக்கும் நடுவே மடிந்து உறுத்தும் என்பது அணிந்த சிறிது நேரத்திலேயே விளங்கிவிடும்.

அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் தகடு மூட முடியாது. அங்கே சட்டையிலேயே வளையக் கவசத் துண்டுகளைத் தைத்துக்கொள்வார்கள். தகடு முழுமை அடைந்த பிறகும் வளையம் மறையாததற்கு இதுவே காரணம். குத்துவாளுடன் நெருங்கும் எதிரி தேடுவது இந்த இடைவெளிகளைத்தான்: அக்குள், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், இடுப்புக்குக் கீழ், உள்ளங்கை, கண் பிளவு.

கட்டுகயிறு: குறுக்குவில் நாணுக்குத் திரிக்கும் மெல்லிய முறுக்கு நூலைச் காலணி தைப்பவர்களின் மெழுகில் தேய்த்துக்கொள்ளச் சொல்கிறது சுவடி, அப்படிச் செய்தால் நீளாது, அறாது. இன்று தேன்மெழுகு தேய்த்த லினன் கயிறு போதும். அரை மீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டி, முனைகளில் துளையில் எளிதாக நுழையும்படி உலோக முனை போட்டுக்கொள்ளுங்கள். மழமழப்பான நைலான் கயிறு வேண்டாம். வியர்வையில் முடிச்சு நழுவும்.

கால்

எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே முதலில் கட்டினால் குனிந்து காலைக் கட்ட முடியாது. மேலும் பல இடங்களில் மேல்பகுதி கீழ்ப்பகுதியின்மீது படிய வேண்டும். தகடுகளைக் கூரையில் ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருப்பதால், வரிசை மாறினால் முனைகள் இடித்துக்கொள்ளும்.

தடித்த தோல் காலணி. அதன்மேல் பாதக்கவசமான சபட்டான், காலணியிலேயே சிறு கயிற்றால் முடிந்தது. பிறகு முன்காலைச் சுற்றும் கிரீவ். இதன் கீல் வெளிப்பக்கம், பக்கிள் உட்பக்கம். கவசத்திலேயே அளவு மிகக் கச்சிதமாக இருக்க வேண்டிய பகுதி இதுதான். கணுக்கால் எலும்புக்கு மேலே ஒடுங்கிப் பிடிக்காவிட்டால் நடக்க நடக்கக் கீழே இறங்கி, பாதத்தின் மேல்முனையை அறுக்கும். உங்கள் கிரீவ் அப்படி இறங்கினால் உள்ளே துணியைத் திணித்துச் சமாளிக்காதீர்கள். கணுக்கால் பக்கத்தைக் கொல்லரிடம் கொடுத்து ஒடுக்கி வாங்குங்கள்.

தொடையை மூடும் கூயிஸும் முழங்காலை மூடும் பொலெய்னும் ஒன்றாகச் சேர்ந்தே இருக்கும். முதலில் மேல்முனையை டப்லெட்டின் கீழ்ப்பகுதியில் கயிற்றால் கட்டுங்கள். தொங்கவிட்டபின் முழங்காலை மடித்துப் பாருங்கள்: பொலெய்னின் நடுப்பகுதி சில்லுக்கு நேராக நிற்க வேண்டும். கீழே இருந்தால் கயிற்றை இறுக்குங்கள், மேலே இருந்தால் தளர்த்துங்கள். அதன் பிறகுதான் தொடை வார், முழங்கால் வார். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வாரை இறுக்கித் தொடையிலேயே நிறுத்தப் பார்த்தால், பத்து நிமிடத்தில் கால் மரத்துவிடும், கூயிஸும் சரியும். முழங்காலுக்குப் பின்னால் போகும் வாரில் ஒரு விரல் நுழையும் தளர்ச்சி இருக்கட்டும். தேய்ந்து புண் ஆகாமல் இருக்க முழங்காலைச் சுற்றி மெல்லிய கம்பளித் துணி கட்டச் சொல்கிறது அதே சுவடி.

கயிறுகளை முன்புறமும் பக்கவாட்டிலும் இறுக்கமாகவும் பின்புறம் தளர்வாகவும் விட வேண்டும். பின்புறமும் இறுகினால் உட்காரும்போது சட்டை கிழியும்.

இடுப்பும் மார்பும்

கால் முடிந்ததும் வளையத்தால் ஆன இடுப்பு ஆடை, கழுத்துக்கு வளையக் கழுத்துப்பட்டை. அடுத்தது மார்பு.

மிலான் மார்க்கவசம் இரண்டு தகடு. மேல்தகட்டின்மீது வயிற்றுத் தகடு ஏறி, நடுவில் ஒரு வாரும் பக்கிளும் சேர்க்கும். குனியும்போது ஒன்றின்மேல் ஒன்று சற்றே நகரும். ஒரே தகடாக இருந்தால் அது முடியாது. முதுகுத் தகட்டுடன் இடப்பக்கம் கீல், வலப்பக்கம் பக்கிள். எதிரியை நோக்கி நிற்பது இடப்பக்கம் என்பதால் மூட்டுவாய் அந்தப் பக்கம் வராது. இடத்தோள் தகடு பெரிதாகவும், வலத்தோள் தகடு ஈட்டியை அக்குளில் இடுக்க வசதியாகக் குறுகியும் இருப்பது இதே காரணத்தால்தான்.

இடுப்பு எது என்பதில் கவனம் வேண்டும். பேன்ட் பெல்ட் கட்டும் இடம் அல்ல. நேராக நின்று பக்கவாட்டில் சாயுங்கள்; உடம்பு மடியும் கோடு தொப்புள் உயரத்திலோ சற்று மேலோ இருக்கும். மார்க்கவசத்தின் ஒடுங்கிய இடம் சரியாக அங்கே உட்கார வேண்டும். அங்கே பக்கிளை இறுக்கியதும் தோளில் இருந்த பாரம் இறங்கி இடுப்புக்குப் போவது உடனே தெரியும். தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவே கை நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் தோள் வாரை ஒரு துளை தளர்த்திவிட்டு மறுபடி இடுப்பை இறுக்குங்கள். மலிவான மறுஆக்கங்களில் மார்க்கவசம் நீளமாக இருக்கும். உட்கார்ந்தால் அதன் கீழ்முனை தொடையில் முட்டி, மேல்முனை தொண்டையில் இடிக்கும். இதை வார் சரிசெய்து தீர்க்க முடியாது. வாங்கும் முன்பே அணிந்து நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

இடுப்புக் கோட்டுக்குக் கீழே, உடம்பைச் சுற்றிப் பட்டை பட்டையாக அடுக்கிய தகடுகள்தான் ஃபால்ட். அதிலிருந்து தொடைமேல் தொங்கும் தகடு டாசெட். இவற்றை நகர விடுவது இரண்டு உத்திகள்: உள்ளே ஓடும் தோல் பட்டைகள், நீள்துளையில் சறுக்கும் ரிவெட்டுகள். தோல் காய்ந்து வெடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. திடீரென ஒரு நாள் மொத்த வரிசையும் அவிழ்ந்துவிடும். அதனால் கவசத்தைத் திருப்பி உட்புறத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

தகட்டின் கனம் பற்றி ஒரு சொல். நல்ல பட்டறை, மார்பின் நடுவில் 2 மில்லிமீட்டருக்கு மேலும், விளிம்பில் அதைவிட மெலிதாகவும், கை காலுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலும் அடித்தது. ஒரே தகட்டுக்குள்ளேயே கனம் மாறும். இன்றைய மறுஆக்கம் சமகனத் தகட்டிலிருந்து வெட்டப்படுவதால் தேவையற்ற இடத்திலும் எடை ஏறுகிறது; 30 கிலோவைத் தாண்டும் கவசங்கள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன. துப்பாக்கி பரவிய பிறகு அசல்களும் கனத்தன. குண்டைத் தாங்க மார்த்தகட்டைத் தடிப்பாக்கி, எடையைச் சமாளிக்கக் காலையும் கையையும் கைவிட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் மார்பும் தலையும்தான் மிஞ்சின. குதிரைப்படையின் சில பிரிவுகள் மார்க்கவசத்தை இன்னும் நெடுங்காலம் அணிந்தன. 1815-இல் வாட்டர்லூவில் பீரங்கிக் குண்டு துளைத்துச் சென்ற ஃபவோ என்ற பிரெஞ்சு வீரரின் மார்க்கவசம் பாரிஸ் இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள துளைகளைப் பார்த்தால் தகட்டின் எல்லை எது என்று புரியும்.

கை

முன்கை, முழங்கை, மேற்கை மூன்றும் சேர்ந்தது வாம்பிரேஸ். டப்லெட்டின் தோளில் இருக்கும் கயிற்றில் முடிந்து தொங்கவிட்டு, பிறகு வார்களைப் போடுங்கள். முடிச்சில் இரண்டு விரல் தளர்ச்சி வேண்டும். இறுக்கிக் கட்டினால் கையை முன்னால் நீட்டும்போது முழங்கைத் தகடு பின்வாங்கி எலும்பில் இடிக்கும். அதன்மேல் தோள்தகடான பால்ட்ரான். கடைசியில் கைக்கவசம். மிலான் கைக்கவசம் பெரும்பாலும் விரல் பிரியாத மூடுவகை. உள்ளே தோல் கையுறை தைத்திருக்கும், உள்ளங்கையில் தகடு இல்லை. கையுறை தளர்வாக இருந்தால் வாள்பிடி சுழலும். கைக்கவசம் போட்டபின் உங்களால் எந்த முடிச்சையும் தொட முடியாது, ஆகவே மூக்கைச் சொறிவதாக இருந்தால் அதற்கு முன்பே!

தகடு முழுமை அடைந்ததும் கேடயம் மெல்லப் போனது. இரண்டு கையும் விடுபட்டதால்தான் நீள்வாளும் தண்டக் கோடரியும் 15-ஆம் நூற்றாண்டுத் தரைச்சண்டையில் முதன்மை பெற்றன.

தலை

முதன்முறைக்கு ஆர்மெட் என்னும் தலைக்கவசம் வேண்டாம். கன்னத் தகடுகள் கீலில் மூடி முழுதாகச் சிறைப்படுத்தும் அந்த வகையை அவசரத்தில் கழற்றுவது கடினம். இத்தாலியிலும் புழங்கிய சாலெட் என்னும் தலைக்கவசம் போதும்: தாடை வார் ஒன்றை அவிழ்த்தால் கையோடு வந்துவிடும்.

மண்டைக்கும் எஃகுக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைத் தருவது உள்ளே தோல் பட்டையில் தைத்த லினன் உறை. தாடை வாரைப் போட்டுத் தலையை வேகமாக இடம் வலம் திருப்புங்கள். தலைக்கவசம் பின்தங்கித் திரும்பினால் உறை தளர்வு. கண்ணுக்கு நேர் பிளவு வராமல் மேலே ஏறியிருந்தால் உச்சிப்பகுதி கயிற்றைத் தளர்த்துங்கள்.

முகமூடியைத் திறந்து வைக்கும் ஆசை எல்லாக் காலத்திலும் இருந்தது. உள்ளே மூச்சு முட்டும், பார்வை குறுகும், ஒலி மங்கும். பிற்காலத்தில் ஐந்தாம் ஹென்றியான இங்கிலாந்து இளவரசர் 1403-இல் ஷ்ரூஸ்பரிப் போரில் முகத்தில் அம்பு வாங்கினார். 1559-இல் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றி ஈட்டிப் பந்தயத்தில் உடைந்த ஈட்டிச் சிராய் கண்பக்கம் புகுந்து, பத்து நாளில் இறந்தார். பயிற்சி ஆட்டத்திலும் எதிரில் ஆள் ஆயுதத்துடன் நின்றால் முகமூடி இறங்கியிருக்க வேண்டும்.

அணிந்தபின்

உடனே வாளை எடுக்காதீர்கள். கைகளைத் தலைக்குமேல் உயர்த்துங்கள். வலக்கையால் இடத்தோளைத் தொடுங்கள். ஒரு காலில் மண்டியிட்டு எழுங்கள். படுத்து, கவிழ்ந்து, எழுங்கள். படி ஏறுங்கள். எங்கே இடிக்கிறது என்று உடன் நிற்பவரிடம் சொல்லி, அங்கேயே ஒரு கயிற்றைத் தளர்த்துங்கள் அல்லது இறுக்குங்கள். பெரும்பாலான கோளாறுகள் ஒரு துளை மாற்றத்தில் தீரும்.

உழைப்பு எவ்வளவு கூடும் என்று 2011-இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓடுபொறியில் அளந்தார்கள். கவசத்தோடு நடக்க, சும்மா நடப்பதைப்போல 2.1 முதல் 2.3 மடங்கு ஆற்றல் செலவானது, ஓட 1.9 மடங்கு. காரணம் மொத்த எடை மட்டும் அல்ல. காலில் கட்டிய எடையை ஒவ்வோர் அடியிலும் வீசி எடுக்க வேண்டியிருக்கிறது. மார்த்தகடு விரிய விடாததால் மூச்சு ஆழமாகாமல் மேலோட்டமாக விரைவுபடுகிறது. 1415-இல் அஜின்கூர் போரில் உழுத சேற்றுநிலத்தைக் கால்நடையாகக் கடந்த பிரெஞ்சு வீரர்கள் எதிரியை எட்டும் முன்பே களைத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

முதல் நாள் 20 நிமிடம் போதும். நிழலில் நில்லுங்கள், தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, வியர்வை நின்றாலோ உடனே தலைக்கவசத்தையும், அடுத்து மார்க்கவசத்தையும் கழற்றுங்கள். முடிச்சோடு போராட வேண்டாம், கத்தரித்துவிடுங்கள், கயிறு மலிவு. உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவ உதவிக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கழற்றியபின்

தலையில் தொடங்கிக் கீழே வாருங்கள். கழற்றிய அரை மணிக்குள் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வை உப்பு ஒரே இரவில் துருவைத் தொடங்கிவிடும், கடற்கரை ஊரானால் இன்னும் விரைவாக. பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலம், கையில் ஒட்டாத அளவுக்கு. வார்களில் எண்ணெய் படக்கூடாது. ஊறிய தோல் நீண்டு, பக்கிள் துளை கிழியும். தோலுக்குத் தனியாகத் தோல் மெழுகு. சிவப்புத் துரு தெரிந்தால் எண்ணெய் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து எடுங்கள். வளையத் துண்டுகளை அந்தக் காலத்தில் மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டினார்கள். ஒரு சிறிய வாளியில் உலர்ந்த மணலோடு குலுக்கினால் இன்றும் வேலை நடக்கிறது.

டப்லெட்டை வெயிலில் உலர்த்துங்கள். கவசத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். ஈரம் உள்ளே தங்கும். பிரித்துத் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை எடுத்து ரிவெட்டுகளை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடுவதைச் சுத்தியால் லேசாகத் தட்டினால் பிடித்துக்கொள்ளும். சறுக்கு ரிவெட்டை மட்டும் இறுக்க வேண்டாம். அது ஆட வேண்டியது.